கல்லுடைச்சிப் பூ

கொடிமலையில் ரயில் ஓடத் தொடங்கிய மூன்றாம் வருடம், வில்காக்ஸ் மேமின் மடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு செடி மலையேறியது. சீமையிலிருந்து அதே கப்பலில் வந்த துரையின் புதுத் துப்பாக்கியும் ஒரு பெட்டி பீங்கான் சாமானும் பினாங்கு துறைமுகத்துக் கிட்டங்கியில் நான்கு நாள் கிடந்தன. செடியை அப்படிக் காக்க வைக்க முடியுமா? மேமின் மடியில் செடி, துரையின் மடியில் மேமின் தொப்பி. இப்படித்தான் அன்றைக்கு அவர்கள் பங்களாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தோட்டக்காரன் பிச்சைமுத்து எட்டிப் பார்த்தான். அகலமான மண்சட்டியில், ரோஜாப் பூவைப் பச்சை இலையில் செய்து தரையோடு அமுக்கி வைத்தது போலப் பன்னிரண்டு கொத்துகள் இருந்தன. இலை ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருந்தது. பிச்சைமுத்து முருக பக்தன். குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தது போலிருந்த அந்தச் செடியைப் பார்த்ததும் அவனுக்கு மரியாதை வந்துவிட்டது. பின்னால் பட்ட பாட்டில் அந்த மரியாதை கொஞ்சம் தேய்ந்தது.

செடியின் பெயர் சாக்ஸிஃப்ரேஜ். பங்களாச் சமையற்காரர் சீனி முகம்மது முதல் நாளே அதைச் சாக்குப்பை ஆக்கிவிட்டார். பனி மூடிய மலைகளில், பாறை இடுக்கில், மாதக் கணக்கில் செத்தது போலக் கிடந்துவிட்டு மறுபடி துளிர்க்கும் செடி அது என்று மேம் சொன்னாள். எந்தக் கஷ்டத்தையும் தாங்குமாம். அது தாங்காதவை பினாங்கு வெயில், பினாங்கு மழை, பினாங்கு நத்தை ஆகிய மூன்றுதான்.

ஆகவே காலை முதல் ரயிலில் டவுனிலிருந்து ஐஸ் கட்டி வந்தது. அதை உடைத்துத் துணியில் பொதிந்து வேருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். உச்சி வேளையில் குடை பிடிக்க வேண்டும். மூன்று மணிக்கு மறுபடி ஐஸ். சாயங்காலம் இலை இலையாகத் தூக்கி நத்தை பார்க்க வேண்டும். டவுன் ஓரத்துத் தண்ணீர்மலைக் கோயில் முருகனுக்குக்கூட இத்தனை கால பூஜை நடந்ததில்லை. விஸ்கியில் போட ஐஸ் மிஞ்சாத நாட்களில் துரை அந்தச் செடியின் முன்னால் நின்று தம் மொழியில் ஏதோ முணுமுணுப்பார். அது பிரார்த்தனை அல்ல என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

இதற்கு முன்பு மேம் வரவழைத்த இரண்டு மலைப்பூச் செடிகள் செத்துப் போயிருந்தன. முதல் செடியோடு ஒரு தோட்டக்காரன் போனான். இரண்டாவது செடியோடு இன்னொருவன். செடி செத்தால் மேம் அழுவாள். அழுது முடித்ததும் தோட்டக்காரனைக் கீழே அனுப்புவாள். துக்கம் காக்க அவளுக்குத் தெரிந்த முறை அதுதான். பிச்சைமுத்துவிடமும் முதல் நாளே விரலை நீட்டிச் சொல்லிவிட்டாள், இது போனால் நீயும் போகிறாய் என்று.

வேலை போவது பிச்சைமுத்துவுக்குப் பெரிதல்ல. கை இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது. மலையை விட்டு இறங்குவதுதான் பயம். அவன் மனைவி நல்லம்மாள், பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்தில் ரப்பர்த் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் ஆறு வருடம் வேலை பார்த்து, நெஞ்சில் இழுப்பை வாங்கிக்கொண்டு வந்தவள். டவுனில் குடியிருந்த காலத்தில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். மலைக்கு வந்த பத்தாம் நாள் கால் நீட்டிப் படுத்தாள். அவள் நிஜமாகவே தூங்குகிறாளா என்று பிச்சைமுத்து இரண்டு தடவை எழுப்பிப் பார்த்துத் திட்டு வாங்கினான்.

அவர்களுடைய அறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. விறகுப் புகை அந்தப் பக்கம் போகாமல் சீனி முகம்மது ஒரு நாள் தாமாகவே ஜன்னலுக்கு மேலே தகரம் அடித்துக் கொடுத்தார். ஏன் இந்தச் சிரமம் என்று கேட்டதற்கு, தங்கச்சி இருமினால் தமக்கு உப்பு அளவு தப்பிப் போகிறது என்று காரணம் சொன்னார். நல்லது செய்கிறவர்கள் சில பேர் அதற்கு இப்படி ஒரு பொய்க் காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள்.

அக்டோபர் மாதம், நடுக் கொத்திலிருந்து ஒரு தண்டு எழும்பியது. தண்டு நிறைய மொட்டுகள். தண்ணீர்மலையடிவாரத் தோட்டத்தில் நடக்கும் பூக் கண்காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நான்கு வருடமாக அங்கே வெள்ளிக் கோப்பையை வாங்கிக்கொண்டிருந்தவர் டவுனில் இருந்த ஒரு டாக்டர் துரை. அவர் வளர்ப்பது ஆர்கிட். காட்டு மரத்தில் சும்மா தொங்குவதைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைத்துப் பரிசு வாங்குகிறார் என்பது மேமின் கட்சி.

மொட்டு கண்ட சந்தோஷத்தில் மேம் அன்றைக்குப் பிச்சைமுத்துவையும், தேநீர்த் தட்டோடு வந்த சீனி முகம்மதுவையும் நிற்க வைத்துச் செடியின் பெயருக்கு விளக்கம் சொன்னாள். வேலைக்காரர்களோடு அவள் பேசுவது கடைத்தெரு மலாய். லத்தீன்காரர்கள் அந்தக் காலத்தில் வைத்த பெயராம். அதற்கு அர்த்தம், 'பெச்சா பத்து'. பெச்சா என்றால் உடைப்பது, பத்து என்றால் கல். பத்து காவானில் ஒரு நாள் இருந்த தமிழனுக்கும் அந்த அளவு மலாய் தெரியும்.

“கல்லை உடைக்கிற பூண்டாம் லா,” என்று சீனி முகம்மது தமிழிலும் ஒரு தடவை சொன்னார்.

பாறை வெடிப்பில் முளைப்பதால் வந்த பெயர் அது. ஆனால் ஒரு பூண்டு கல்லை உடைக்கும் என்று சொன்னால் தமிழனுக்குப் பாறை ஞாபகம் வராது. நம்மிடம் கல்லுருக்கி என்று ஒரு பூண்டு இருக்கிறது. அது உருக்குவது மலையிலிருக்கும் கல்லை அல்ல, மனிதனுடைய நீர்ப்பையிலிருக்கும் கல்லை. பிச்சைமுத்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓகோ, இது வெள்ளைக்காரக் கல்லுருக்கி. மருந்துச் செடிக்குத்தான் இத்தனை ஐஸும் குடையும். துரைக்கு அந்த வியாதி இருக்கிறது போலும், பாவம், வெளியே சொல்லக் கூச்சம். நல்லம்மாளிடமும் அன்றிரவே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து துரையின் நடையில் ஒரு தினுசான அகட்டல் இருப்பதாகவும் அவனுக்குத் தெரிந்தது.

அந்த வியாதி உண்மையில் இருந்தது சீனி முகம்மதுவுக்கு. ஒரு வருடமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டே சமைத்தார். ஆஸ்பத்திரியில் கத்தி வைக்க வேண்டும் என்று சொன்னார்களாம். கத்தியைப் பற்றித் தமக்கு நன்றாகத் தெரியும் என்றும், அதனால்தான் தாம் வரவில்லை என்றும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மேமிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை துரையும் மேமும் ஒரு விருந்துக்காக டவுனுக்கு இறங்கினார்கள். அன்று பிடித்த மழையில் ரயில் பாதையின் மேல் மண் சரிந்தது. நடைபாதையிலும் மரங்கள் விழுந்தன. பாதை சரியாவதற்கு மூன்று நாள் ஆகும் என்று மலை ஸ்டேஷனில் சொன்னார்கள். விருந்துக்குப் போனவர்கள் கீழே மாட்டிக்கொண்டார்கள். வேலைக்காரர்கள் மேலே.

ஞாயிற்றுக்கிழமை காலை கோழி அறுக்கப் போன சீனி முகம்மது, கோழியை விட்டுவிட்டுத் தாமே தரையில் விழுந்து துடித்தார். கோழி அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. முந்தின நாளிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று அப்போதுதான் சொன்னார். நாகூர் ஆண்டவருக்குக் கந்தூரி நேர்ந்துகொண்டார். வலி குறையவில்லை.

“முத்து,” என்றார், “உங்க தண்ணீர்மலை முருகனுக்கும் என் பேர்ல ஒரு தேங்காய் சொல்லி வை. யாருக்கு இப்ப கை ஓய்வோ அவங்க பாக்கட்டும்.”

பிச்சைமுத்து முருகனுக்குத் தேங்காய் சொல்லிவிட்டுக் கல்லுருக்கி தேடி ஓடினான். அது எங்கும் முளைக்கிற களை. வேலி ஓரம், பாதை ஓரம், கல் படி இடுக்கு எல்லாம் மழையில் நனைந்துகொண்டே தேடினான். ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? களை என்று ஒன்று கண்ணில் படக் கூடாது என்பது மேமின் உத்தரவு. மூன்று வருடமாக அதை வேரோடு பிடுங்கி எரித்தவன் அவனேதான். தன் வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்ததற்காக அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையில் அடித்துக்கொண்டான்.

திரும்பி வந்து குடையின் முன்னால் நின்றான். செடி வெள்ளை வெள்ளையாகத் திருநீறு பூசிக்கொண்டு, ஐஸ் வராத அன்றைக்கும் சௌக்கியமாக இருந்தது. முதல் மொட்டு பாதி விரிந்திருந்தது. கல்லுடைச்சி அவன் எதிரிலேயே இருந்தது. அவன் கை நீளவில்லை.

நல்லம்மாள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கத்தியோடு வந்தாள். அம்மியை அவள் அதற்குள்ளேயே கழுவி வைத்துவிட்டாள்.

“பூவை மட்டும் விட்டுரு புள்ள,” என்றான் பிச்சைமுத்து. “இலையில நாலு எடுத்துக்கலாம்.”

“வேர், தண்டு, இலை, பூ, எல்லாம் சேத்து அரைச்சாத்தான் மருந்து. பாதி குடுத்தா பாதிக் கல்லுதான் வரும்.”

“மேம் வந்தா நம்மள இறக்கி விட்ரும். கீழ போனா உன் நெஞ்சு தாங்குமா?”

நல்லம்மாள் நின்றாள். ஒரு மூச்சை நன்றாக இழுத்து விட்டாள், அவனுக்குக் காட்டுவது போல.

“எனக்கு மூச்சு வருது. அவருக்கு மூத்திரம் வரல. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

தர்மத்தைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் கௌரவமானவர்களாக இருந்ததால் மூத்திரத்தைத் தொடவில்லை. ஆகவே நல்லம்மாள் கேட்ட கேள்விக்கு அவற்றில் மறுப்பும் இல்லை. பிச்சைமுத்து மண்டியிட்டுச் செடியை ஒரு தடவை கும்பிட்டுவிட்டுக் கத்தியை வாங்கிக்கொண்டான். கட்டை விரல் நகம் அளவு ஒரு கொத்தை மட்டும் அவள் விட்டு வைக்கச் சொன்னாள். மேம் வந்து பார்க்கும்போது வெறும் சட்டியாக இருந்தால் நெஞ்சு அடைத்துப் போகுமே என்றாள்.

காட்டுக் கீரை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சீனி முகம்மது கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்து முடித்து டம்ளரைப் பார்த்தார். விளிம்பில் வெள்ளை ஓரம் வைத்த ஒரு துண்டு இலை ஒட்டியிருந்தது.

“தங்கச்சி. இது சாக்குப்பைல்ல?”

“குடிச்சாச்சுல்ல. பேசாம படுங்க நானா.”

அவர் பேசாமல் படுக்கவில்லை. தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்த்தார். இரண்டு பேரும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை வலியில் கத்தினாரே ஒழிய அழவில்லை; இப்போது அழுதார். கல்லோடு செத்தாலும் மரியாதையாகச் செத்திருப்பேனே, ஒரு குடும்பத்தையே குடித்துவிட்டேனே என்று புலம்பினார். மருந்து வேலை செய்யத் தண்ணீர் வேண்டும் என்று நல்லம்மாள் மேமின் அலமாரியிலிருந்த பார்லியை வேகவைத்து, புலம்பலுக்கு நடுவே வாயில் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். ஜாடி ஜாடியாக ஊற்றினாள். பிறகு பங்களாவின் முன்படியில் ஏற்றி இறக்கி நடக்க வைத்தார்கள். வேலைக்காரர்கள் கால் வைக்கக் கூடாத படி அது. அன்றைக்கு அதில் பிச்சைமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு சீனி முகம்மது நாற்பது தடவை ஏறி இறங்கினார்.

மூன்று மணிக்கு அவசரம் வந்தது. அந்த அவசரத்தில் கையில் அகப்பட்டது சாப்பாட்டு அறையிலிருந்த பெரிய பீங்கான் சூப் கிண்ணம். பிச்சைமுத்து அதைத்தான் கொண்டு ஓடினான். கதவுக்கு வெளியே நின்றிருந்த நல்லம்மாளுக்கு, மணியை ஒரே ஒரு தடவை தட்டினது போல ‘டிங்’ என்று கேட்டது. அந்தக் கிண்ணத்தைப் பிறகு சாம்பல் போட்டு ஏழு தடவை தேய்த்தார்கள். அதில் எப்போது யாருக்கு விருந்து நடந்தது என்று நாம் விசாரிக்காமல் இருப்பதே நல்லது.

பாசிப்பயறு அளவு கல். முள்ளு முள்ளாக இருந்தது. மூன்று பேரும் அதை ஒரு சாஸரில் வைத்து வெகு நேரம் பார்த்தார்கள்.

“இத்தனூண்டுக்கா நான் அந்தச் சத்தம் போட்டேன்?” என்று சீனி முகம்மது வெட்கப்பட்டார். பிறகு யாருக்கு முதலில் நேர்த்தியைச் செலுத்துவது என்பதில் குழம்பி, இரண்டையும் ஒரே நாளில் செய்வதாக முடிவு செய்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் ரயிலில் மேம் வந்தாள். துரை பின்னால் வந்தார். அவரோடு டாக்டர் துரையும் வந்தார். மேம் பெருமையடித்திருந்த பூவை நேரில் பார்க்க அவளேதான் அழைத்திருந்தாள்.

குடையின் அடியில் நகம் அளவு ஒரு பச்சை இருந்தது. மேம் ஈரப் புல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நத்தையா என்று கேட்டாள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். தான் வெட்டியதாகப் பிச்சைமுத்து சொன்னான். நான்தான் அரைத்தேன் என்றாள் நல்லம்மாள். ஆடு போலத் தாமே மேய்ந்துவிட்டதாகச் சீனி முகம்மது சொல்லி, சாட்சிக்குச் சாஸரை நீட்டினார். மேம் கல்லைப் பார்க்கவில்லை. அழுது முடித்தாள், கண்ணைத் துடைத்தாள், பிச்சைமுத்துவைப் பார்த்துச் சனிக்கிழமைக்குள் இறங்கிவிடு என்றாள். அவன் தலையை ஆட்டினான். நல்லம்மாளுக்கு அப்போது இழுப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அவன் காதில் பழைய டவுன் வீட்டு இழுப்பு கேட்டது.

கல்லை எடுத்துப் பார்த்தவர் டாக்டர் துரை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அதன் பிறகு நடந்த பேச்சு முழுக்க இங்கிலீஷில். சீனி முகம்மது பாதி புரிந்ததை உதடு அசையாமல் மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்தார்.

“டாக்டர் துரை சொல்லுது, அந்தப் பச்சிலையில ஒண்ணும் கிடையாதாம். கல்லைத் தள்ளுனது தண்ணிதானாம். மேம் ஊட்டுச் செடி முட்டைக்கோஸ் மாதிரியாம்.”

மேமின் கழுத்து சிவந்தது. கோப்பையை விட்டுக் கொடுக்கலாம். முட்டைக்கோஸை எப்படி விட்டுக் கொடுப்பது? அவள் எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய புல்லைக்கூடத் தட்டவில்லை. லத்தீன்காரர்கள் என்ன முட்டாள்களா என்று கேட்டாள். ஆயிரம் வருடமாக ஒரு செடிக்குக் கல்லுடைச்சி என்று காரணமில்லாமல் பெயர் நிற்குமா என்று கேட்டாள். நேற்று வரை அவளுக்கே அந்தக் காரணத்தில் நம்பிக்கை இருந்ததில்லை. இப்போது ரத்தத்தில் ஊறினது போலப் பேசினாள். பிச்சைமுத்துவைக் கூப்பிட்டு விசாரணை வைத்தாள். எத்தனை கொத்து, வேரோடா, பூவோடா, எத்தனை மணிக்குக் கொடுத்தது, எத்தனை மணிக்கு விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல டாக்டர் துரையின் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள்.

டாக்டர் துரை ஏதோ சொன்னார். சீனி முகம்மதுவின் மொழிபெயர்ப்பு நின்றுவிட்டது.

“என்ன நானா?” என்றான் பிச்சைமுத்து.

“உன்னைப் பத்திதான். இவ்வளவு பெரிய வைத்தியனை எதுக்கு வேலையை விட்டு அனுப்புறீங்கன்னு மேமைக் கேக்குது.”

மேம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். தோட்டக்காரன் குற்றவாளி என்றால் செடி முட்டைக்கோஸ் ஆகிவிடும். செடி மருந்து என்றால் தோட்டக்காரன் செய்தது சரியாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வழியில்லை. கடவுள் ஒரு நல்ல காரியம் நடத்த வேண்டுமானால் எல்லோருக்கும் நல்ல குணம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருப்பதில்லை. வீம்பு கிடைத்தால் வீம்பையும் எடுத்துக்கொள்கிறார்.

அவள் பிச்சைமுத்துவிடம், மிச்சமிருக்கும் இந்த ஒரு கொத்தை இனி எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. சனிக்கிழமை போக வேண்டுமே என்று நினைவுபடுத்தினான். யார் அப்படிச் சொன்னது என்று மேம் அதட்டினாள். துரை மட்டும் வேறு பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் துரை போன பிறகு மேம் சமையலறை வாசலுக்கு வந்தாள். அந்தப் பங்களாவில் இருந்த ஏழு வருடத்தில் அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. உப்பு, மிளகு, முட்டை வேகும் நேரம் எல்லாவற்றுக்கும் மணிதான் அடிப்பாள். உள்ளே மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்தார்கள்.

“சாக்கிட் லாகி?” என்று மேம் சீனி முகம்மதுவிடம் கேட்டாள். இன்னும் வலிக்கிறதா என்று அர்த்தம்.

இல்லை என்றார். ஒரு வருடமாக ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

சீனி முகம்மது யோசித்தார். பொய்க் காரணம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“மேம் கேக்கலையே,” என்றார் தமிழிலேயே. பிறகு மலாயிலும் மெதுவாகச் சொன்னார்.

மேம் அங்கேயே நின்றாள். அந்த அறையில் எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்லம்மாள் மணைப் பலகையை முந்தானையால் துடைத்து அவள் பக்கம் தள்ளிப் போட்டாள். மேம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் மோவாய் வரை வந்துவிட்டன. சீனி முகம்மது கொடுத்த தேநீரை அப்படியே குடித்து முடித்தாள். குடித்த பிறகுதான் இவ்வளவு தாழ்விலிருந்து எழுந்திருக்கத் தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு விளங்கியது. இரண்டு தடவை முயன்று பார்த்தாள். ஆண்கள் இருவரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நல்லம்மாள் கை கொடுத்தாள்.